வெப்பப் பம்புடன் பேசுவது எப்படி?

உங்கள் வீட்டில் குளிர்பதனப் பெட்டி இருந்தால், அது ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் பக்கத் தகட்டையோ பின்புறத்தையோ தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருக்கும். உள்ளே வைத்த பாலிலும் காய்கறியிலும் இருந்த வெப்பம், மோட்டார் ஓடச் செலவான மின்சாரத்தின் வெப்பத்துடன் சேர்ந்து அங்கே வந்து நிற்கிறது. குளிர்பதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே இறைத்து ஊற்றுகிறது. கிணற்றுத் தண்ணீரைப் பம்பு மேலே ஏற்றுவதைப் போல, வெப்பத்தைத் தாழ்ந்த வெப்பநிலையிலிருந்து உயர்ந்த வெப்பநிலைக்கு இது ஏற்றுகிறது.

இப்போது ஒரு கற்பனை செய்து பாருங்கள். அந்தப் பெட்டியின் கதவைக் கழற்றிவிட்டு, திறந்த வாய் சன்னலுக்கு வெளியே பார்க்குமாறும், சூடான பின்புறம் அறைக்குள் இருக்குமாறும் வைத்துவிடுகிறோம். வெளியே 0 டிகிரிக் குளிர். ஆயினும் அந்தக் காற்றிலும் வெப்பம் உண்டு. தனிச்சுழி வெப்பநிலை −273 டிகிரி அன்றோ! அதனோடு ஒப்பிட்டால் 0 டிகிரிக் காற்று எவ்வளவோ சூடானது. அந்த வெப்பத்தை உறிஞ்சி அறைக்குள் தள்ளும் பொறியே வெப்பப் பம்பு.

இது புதிய எண்ணம் அன்று. கெல்வின் பிரபு என்று பின்னர் புகழ்பெற்ற வில்லியம் தாம்சன், கட்டடங்களைச் சூடாக்க இத்தகைய பொறி உதவும் என்று 1852ஆம் ஆண்டிலேயே எழுதினார். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர மன்றக் கட்டடம் 1938 முதல் லிம்மாட் ஆற்று நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துச் சூடாக்கப்பட்டது. இன்று நார்வே, ஸ்வீடன், பின்லாந்து போன்ற நாடுகளில் வெப்பப் பம்பு வீட்டுக்கு வீடு காணும் பொருளாகிவிட்டது. கட்டடங்களைச் சூடாக்கக் கனிம எண்ணெய் எரிப்பதை நார்வே 2020ஆம் ஆண்டு முதல் தடை செய்துவிட்டது. ஆகவே பெர்கன் போன்ற நகரத்து வீட்டில், குளிர்காலத்தில் வெப்பப் பம்பு என்பது வசதிக்கான பொருள் அன்று. அது நின்றால் வீடே குளிர்ந்து போகும்.

அத்தகைய ஒரு வீட்டில், வெப்பப் பம்பைத் தொலைவிலிருந்து இயக்கவும், அது என்ன செய்கிறது என்று அறியவும், ஒரு சிறு கட்டுப்படுத்தியை வீட்டிலேயே செய்துகொள்வது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம். மின்னணுவியலில் ஓரளவு கைப்பழக்கம் உள்ள மாணவர் எவரும் இதைப் புரிந்துகொள்ளலாம். கடினமான பகுதி பற்றவைப்பதில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்பது பின்னால் தெரியும்.

முதலில் கொஞ்சம் கணக்கு. வெளியே 0 டிகிரி, அதாவது 273 கெல்வின். அறையில் 20 டிகிரி, அதாவது 293 கெல்வின். கார்னோவின் விதிப்படி, சூடாக்கும் குறைபாடற்ற ஒரு பொறியின் செயல்திறன் குணகம் 293ஐ இரண்டு வெப்பநிலைகளின் வேறுபாடான 20ஆல் வகுத்து வருவது. அதாவது ஏறக்குறைய 14.6. ஒரு யூனிட் மின்சாரத்துக்குப் பதினான்கரை யூனிட் வெப்பம்! நடைமுறையில் உராய்வும் வெப்பம் கடத்தும் குழாய்களின் குறைபாடும் சேர்ந்து இதை மூன்று, நான்கு என்ற அளவுக்கு இறக்கிவிடுகின்றன. அப்படியிருந்தும், ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் மட்டுமே தரும் கம்பிச்சுருள் சூடேற்றியைவிட இது மூன்று மடங்கு மேல். இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது வகுக்கும் எண். வெப்பநிலை வேறுபாடு கூடக்கூடக் குணகம் குறையும். பம்பை அவசரப்படுத்தி, மிகச் சூடான காற்றைக் கேட்டால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கட்டுப்படுத்தி என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது ஒரு ரிலே. பம்புக்கு வரும் மின்சாரத்தை வேண்டும்போது இணைத்து, வேண்டாதபோது துண்டித்தால் போதாதா? போதாது என்பதோடு, அது தீங்கும் ஆகும். பம்புக்குள் ஏற்கெனவே ஒரு மூளை இருக்கிறது. அமுக்கி எந்த வேகத்தில் சுழல வேண்டும், வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை அதுவே நொடிக்கு நொடி முடிவு செய்கிறது. வெளியே காற்று ஈரமாகவும் 0 டிகிரியை ஒட்டியும் இருக்கும் நாள்களில் வெளிக்குழாய்கள்மேல் உறைபனி படியும். அப்போது அந்த மூளை பொறியைச் சிறிது நேரம் தலைகீழாக ஓட்டி, வீட்டு வெப்பத்தில் கொஞ்சம் கடன் வாங்கிப் பனியை உருக்கிவிடும். மழைக்குப் பெயர்போன பெர்கனில் குளிர்காலத்தில் இது அடிக்கடி நடக்கும். இந்த வேலையின் நடுவே மின்சாரத்தை வெட்டுவது, சமையல்காரர் எண்ணெயை அடுப்பில் வைத்திருக்கும்போது விளக்கை அணைப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே நமது கட்டுப்படுத்தி பம்பின் மூளையை மாற்றக்கூடாது. அதனிடம் வேண்டுகோள் விடுப்பதோடு நிற்க வேண்டும். “அறையை 21 டிகிரியில் வை” என்று சொல்லலாம். எப்படி வைப்பது என்பது அதன் பாடு.

வேண்டுகோள் விடுக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, கையில் பிடிக்கும் ரிமோட்டைப் போல அகச்சிவப்பு ஒளித்துடிப்புகளை அனுப்புவது. ஓர் ஒளி உமிழ் டையோடு போதும், மிக எளிது. ஆனால் இது ஒருவழிப் பேச்சு. நீங்கள் சொன்னது பம்பின் காதில் விழுந்ததா, இடையில் திரைச்சீலை மறைத்ததா என்று அறிய வழியில்லை. வீட்டில் யாரேனும் கை ரிமோட்டால் அமைப்பை மாற்றினாலும் கட்டுப்படுத்திக்குத் தெரியாது. பத்து மைல் தொலைவில் இருந்துகொண்டு வீட்டை நம்ப வேண்டியவருக்கு இது உதவாது.

மற்றது கம்பி வழி. பல நிறுவனங்களின் பம்புகளில், கூடுதல் கருவிகளை இணைப்பதற்கென்றே உள்பகுதியின் மின்சுற்றுப் பலகையில் ஒரு செருகி இருக்கும். மிட்சுபிஷி எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பல வகைகளில் இதற்குச் ‘சிஎன் 105’ என்று பெயர். ஆர்வலர்கள் பலர் அதில் ஓடும் சைகைகளைக் கூர்ந்து கவனித்து, அந்த மொழியைப் படித்தறிந்து பொதுவில் வைத்திருக்கிறார்கள். எனவே அதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அதற்குமுன் ஓர் எச்சரிக்கை. மூடியைக் கழற்றுமுன் பம்புக்கான மின்சாரத்தைப் பலகையிலேயே நிறுத்திவிட வேண்டும். நிறுத்திய பிறகும் மின்தேக்கிகளில் மின்னேற்றம் சற்று நேரம் தங்கியிருக்கும், பொறுத்திருங்கள். செருகியில் வருவது குறைந்த மின்னழுத்தமே என்றாலும், சில பொறிகளில் அந்தச் சுற்று வீட்டு மின்சாரத்திலிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்டிராது. ஆதலால் கட்டுப்படுத்தி பம்புடன் இணைந்திருக்கும்போது அதையே உங்கள் கணினியுடனும் கம்பியால் இணைக்காதீர்கள். குளிர்பதனப் பொருள் ஓடும் குழாய்களில் கை வைக்க நமக்கு வேலையே இல்லை. மூடியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடுமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

சிஎன் 105 செருகியில் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஐந்து முட்கள் உள்ளன. முதலாவது 12 வோல்ட். இரண்டாவது புவி இணைப்பு. மூன்றாவது 5 வோல்ட். நான்காவதில் பம்பு பேசும். ஐந்தாவதில் அது கேட்கும். பேச்சு எனப்படுவது மின்னழுத்தம் ஏறி இறங்குவதுதான். நொடிக்கு 2400 பிட் வேகம். ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்கப் பிட் ஒன்று, செய்திப் பிட்டுகள் எட்டு, பிழை காணும் இரட்டைப்படைச் சமநிலைப் பிட் ஒன்று, முடிவுப் பிட் ஒன்று. ஆக 11 பிட்டுகள். இன்றைய கணினி வேகங்களோடு ஒப்பிட்டால் இது மாட்டுவண்டி; ஆனால் அறை ஒரு டிகிரி சூடாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள், மாட்டுவண்டியே அதிகம்.

பம்பை முதலில் வணங்கி எழுப்ப வேண்டும். அதற்குரிய செய்தி எட்டு எண்களைக் கொண்டது: 252, 90, 1, 48, 2, 202, 1, 168. முதல் எண்ணான 252 “செய்தி தொடங்குகிறது” என்பதற்கு அடையாளம். 90 என்பது “இணைய வந்திருக்கிறேன்” என்னும் பொருளுடையது. ஐந்தாவதான 2, அடுத்து வரும் செய்தி இரண்டு பைட் நீளமுள்ளது என்று அறிவிக்கிறது. கடைசி எண்ணான 168தான் சுவையானது. முதல் ஏழு எண்களையும் கூட்டுங்கள்: 596. அதை 256ஆல் வகுத்தால் மீதி 84. அதை 252இலிருந்து கழித்தால் 168! வழியில் ஏதேனும் ஓர் எண் சிதைந்தால் இந்தக் கணக்குப் பொருந்தாது. பம்பு அச்செய்தியை ஒதுக்கிவிடும். எல்லாம் சரியாயிருந்தால் 252, 122, 1, 48, 1, 0, 84 என்று மறுமொழி வரும். அதன் கடைசி எண்ணும் அதே முறையில் பொருந்துகிறதா என்று நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

இனி வேண்டுகோள். “21 டிகிரி” என்று எப்படிச் சொல்வது? இந்த மொழியில் 31 டிகிரிக்கு எண் 0, 30க்கு 1, 29க்கு 2 என்று தலைகீழாகப் போகும். 16 டிகிரிக்கு 15. எனவே 31இலிருந்து 21ஐக் கழித்து வரும் 10தான் நாம் அனுப்ப வேண்டியது. முழுச் செய்தி இவ்வாறு அமையும்: 252, 65, 1, 48, 16 என்பவை தலைப்பு, அடுத்து 1, 4, 0, 0, 0, 10, அதன்பின் பத்துச் சுழிகள், கடைசியாகச் சரிபார்ப்பு எண் 111. இதில் 65 என்றால் “அமைப்பை மாற்று”. 4 என்றால் “வெப்பநிலையை மட்டும் மாற்று, மற்றவற்றைத் தொடாதே”. ஆக 22 பைட்டுகள், 242 பிட்டுகள்; அனுப்பி முடிக்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். புதிய வகைகளில் அரை டிகிரியைக் குறிக்க வேறோர் எண்முறையும் உண்டு. உங்கள் பொறி எதைப் புரிந்துகொள்கிறது என்பதை அதன் மறுமொழியே காட்டிக்கொடுக்கும்.

இந்த எண்களை அனுப்பவும் பெறவும், கூடவே வீட்டு வைஃபையில் சேரவும் ஒரு சில்லு வேண்டும். 2014இல் வெளிவந்த ‘இஎஸ்பி 8266’, அதன் பின்னோனான ‘இஎஸ்பி 32’ ஆகியவை சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றன. இவை 3.3 வோல்ட்டில் இயங்குபவை. பம்போ 5 வோல்ட்டில் பேசுவது. நடுவே மின்னழுத்த மட்டம் மாற்றும் சிறு பலகை ஒன்றை வைத்துவிட வேண்டும். நேராக இணைத்தும் ஓடுகிறது என்பார்கள். ஓடலாம், எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. வைஃபை செய்தி அனுப்பும் கணத்தில் சில்லு திடீரென்று மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும். அந்தக் கணத்தைத் தாங்க, மின்வழங்கல் முனைகளுக்கிடையே ஒரு மின்தேக்கியைப் பற்றவைத்துவிடுங்கள்.

வீட்டுக்குள் வந்த செய்தி உங்கள் கைப்பேசியை எப்படி அடைகிறது? இதற்கு ‘எம்கியூடிடி’ என்ற நெறிமுறை பெரிதும் பயன்படுகிறது. எண்ணெய்க் குழாய்த் தொடர்களை, செயற்கைக்கோள் வழியாக, மிகக் குறைந்த செய்திப் போக்குவரத்தில் கண்காணிப்பதற்காக ஆண்டி ஸ்டான்போர்ட் கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் 1999இல் உருவாக்கியது இது. நடுவில் ஓர் அஞ்சல் நிலையம் இருக்கும். வீட்டிலேயே உள்ள சிறு கணினி அந்த வேலையைச் செய்யும். கட்டுப்படுத்தி “கூடம், வெப்பநிலை, 20.5” என்று அங்கே போட்டுவிடும். அந்தத் தலைப்பைக் கேட்டிருப்பவர் அனைவருக்கும் அது போய்ச் சேரும். இதில் ஓர் அழகான ஏற்பாடு, உயில். “நான் சொல்லாமல் மறைந்துவிட்டால் இச்செய்தியை எல்லோருக்கும் அறிவி” என்று கட்டுப்படுத்தி இணையும்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறது. அதன் தொடர்பு அறுந்துபோனால், அஞ்சல் நிலையம் சற்று நேரத்தில் அந்த உயிலைப் படித்து உங்களுக்குத் தெரிவிக்கும்.

இனி, முன்பு சொன்ன கடினமான பகுதிக்கு வருவோம்.

பம்பின் உள்பகுதி சுவரின் உச்சியில், கூரைக்கு அருகே இருக்கும். அதன் வெப்பநிலை உணர்வியும் அங்கேயே. சூடான காற்று மேலே எழும் என்பதால், நாற்காலியில் அமர்ந்திருப்பவர் குளிரில் நடுங்கும்போதும் உணர்வி “போதிய சூடு” என்று சொல்லக்கூடும். எனவே நாற்காலி உயரத்தில் தனி உணர்வி ஒன்றை வைத்து, அதன் அளவைக் கட்டுப்படுத்தி வழியாகப் பம்புக்குச் சொல்ல இந்த மொழியிலேயே இடம் உண்டு. பம்பு தன் உணர்வியை விட்டுவிட்டு நாம் சொல்லும் எண்ணை நம்பத் தொடங்கும். அறையின் சூடு உடனே சீராகிவிடும். செய்தவருக்கும் பெருமையாக இருக்கும்.

ஒருநாள் இரவு, நாற்காலி உணர்வியின் மின்கலம் தீர்ந்துவிடுகிறது என்று வையுங்கள். அது கடைசியாகச் சொன்ன எண் 22. பம்புக்கு இட்ட இலக்கு 21. பம்பு அந்த 22ஐயே பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். அறை 18க்கு இறங்குகிறது, 14க்கு இறங்குகிறது. பம்போ, “இலக்குக்கு மேல் ஒரு டிகிரி இருக்கிறது, எனக்கு வேலை இல்லை” என்று ஓய்ந்திருக்கும். எங்கும் பழுது இல்லை. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாது. வீட்டில் ஒரு முதியவர் தனியே உறங்கிக்கொண்டிருந்தால், அல்லது வீடு பூட்டிக் கிடந்து தண்ணீர்க் குழாய்கள் உறையத் தொடங்கினால், விளைவை நீங்களே எண்ணிக்கொள்ளலாம். கட்டுப்படுத்தியே இல்லாமலிருந்தால் இந்த ஆபத்து வந்திராது என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே ஒவ்வோர் எண்ணுக்கும் ஆயுள் குறிக்க வேண்டும். உணர்வியிடமிருந்து, சொல்லப்போனால் இருபது நிமிடங்கள், புதிய எண் வராவிட்டால், “இனி உன் சொந்த உணர்வியையே நம்பு” என்று கட்டுப்படுத்தி பம்புக்குச் சொல்லிவிட வேண்டும். கட்டுப்படுத்தியே உறைந்துபோனால்? அதற்குச் சில்லுக்குள் ஒரு காவல் கடிகாரம் உண்டு. ஓடும் நிரல் அதைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டத் தவறினால் அது சில்லைத் தானாகவே மறுதொடக்கம் செய்துவிடும். மறுதொடக்கமானதும் நிரல் செய்யும் முதல் வேலை, மேற்சொன்ன அதே செய்தியை அனுப்புவதாக இருக்கட்டும். மேலும், முடிவெடுக்கும் பகுதி முழுவதையும் தொலைதூரத்துக் கணினி ஒன்றில் வைத்துவிடாதீர்கள். இணையம் அறுந்தாலும் வீடு சூடாக இருக்க வேண்டும். இணையம் வழி வருவது ஆலோசனையாக மட்டும் இருக்கட்டும்.

வேறு இரு சிறு செய்திகள். சில பொறிகள் தாம் பெறும் ஒவ்வோர் அமைப்பையும் நிலை நினைவகத்தில் எழுதிக்கொள்கின்றன. அந்த நினைவகம் குறிப்பிட்ட தடவைகளே எழுதத் தாங்கும். ஆகையால் இலக்கை நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றும் ‘கெட்டிக்கார’ நிரல்கள் வேண்டாம். அடுத்தது, உங்கள் வீட்டுக் கட்டுப்படுத்தியை உலகம் முழுவதும் தட்டக்கூடிய கதவாக இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். வெளியிலிருந்து பேச மறைகுறியீட்டுத் தனிவழி ஒன்றை அமைத்து, அதன் வழியே மட்டும் நுழையுங்கள்.

கட்டுப்படுத்தி கிடைத்ததும் பலரும் செய்வது, இரவில் பம்பை நிறுத்திவிட்டுக் காலையில் ஓட்டுவது. எண்ணெய் அடுப்புக் காலத்துப் பழக்கம் இது. இங்கே அது பலிக்குமா? ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வெளியே 0, உள்ளே 21 டிகிரி. மணிக்கு 4 யூனிட் வெப்பத்தை வீடு இழக்கிறது. 14 மணி நேரம் சீராக ஓட்டினால் 56 யூனிட் வெப்பம். குணகம் 3 என்றால் மின்சாரம் 18.7 யூனிட். இப்போது முதல் 8 மணி நேரம் நிறுத்துகிறோம். வீடு 17க்கு இறங்குகிறது. அடுத்த 6 மணி நேரத்தில் இழந்ததையும் மீட்டு, அன்றாட இழப்பையும் ஈடுகட்ட 51 யூனிட் வெப்பம் வேண்டும். 5 யூனிட் மிச்சம்தான். ஆனால் பம்பு இரு மடங்குக்கு மேல் வேகமாக உழைக்கிறது, சூடான காற்றைத் தள்ளுகிறது, குணகம் 2.6க்கு இறங்குகிறது என்று கொள்வோம். மின்சாரம் 19.6 யூனிட்! வெப்பம் மிச்சமாயிற்று, மின்சாரம் மிச்சமாகவில்லை. வகுக்கும் எண்ணை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். எல்லா வீட்டுக்கும் இதே விடை வரும் என்று கொள்ள வேண்டாம். வீடு எவ்வளவு மெதுவாகக் குளிர்கிறது என்பதைப் பொறுத்து மாறும். ஆனால் இப்போது உங்களிடம் கட்டுப்படுத்தி இருக்கிறது. இரு முறைகளையும் ஒரே மாதிரியான இரு வாரங்களில் செய்து பார்த்து, மீட்டரைப் படித்து முடிவு செய்யலாம்.

மின்சாரத்தின் விலை வேளைக்கு வேளை மாறும் இடங்களில் கணக்கு வேறு. வட ஐரோப்பியச் சந்தையில் மறுநாளைய விலைகள் முதல்நாள் பிற்பகலிலேயே வெளியாகிவிடும். அத்தகைய ஒப்பந்தம் பெற்றவர், மலிவான வேளையில் வீட்டை ஒரு டிகிரி கூடுதலாகச் சூடாக்கி, விலை ஏறும்போது பம்பைத் தணிக்கலாம். அப்போது வீட்டின் சுவர்களே மின்கலமாகின்றன.

எல்லாம் பொருத்தி முடித்தபின், குளிர் கடுமையாக இல்லாத ஒருநாள், நீங்கள் வீட்டில் இருக்கும்போதே ஒரு சோதனை செய்யுங்கள். முதலில் இணையப் பெட்டியின் செருகியைப் பிடுங்குங்கள். அது அப்படியே இருக்க, ஒரு மணி நேரம் கழித்து நாற்காலி உணர்வியின் மின்கலத்தை எடுத்துவிடுங்கள். கடைசியாகக் கட்டுப்படுத்தியின் கம்பியையே சிஎன் 105இலிருந்து கழற்றுங்கள். மீண்டும் மூடியைத் திறப்பதால், முன்சொன்னபடி மின்சாரத்தை நிறுத்திவிட்டு. ஒவ்வொரு முறையும் பம்பு மீண்டும் ஓடத் தொடங்கியதும், அறையின் நடுவில் சாதாரண வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டு, கால்மணிக்கு ஒருமுறை அதன் அளவை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மூன்று முறையும் அந்த அளவு 20ஐச் சுற்றியே நின்றால், ஊருக்குப் புறப்படலாம்.